பதின்மூவாயிரம் அடியில் நத்தக்காட்டு வலசு

நத்தக்காட்டு வலசு ரயில் நிலையத்தின் மஞ்சள் பலகையில், ஊர்ப் பெயருக்குக் கீழே, கடல் மட்டத்துக்கு மேல் முந்நூற்று எண்பத்து நான்கு மீட்டர் என்று எழுதியிருந்ததை நாங்கள் யாரும் ஒருநாளும் நின்று வாசித்ததில்லை. அதை அடிக்கணக்கில் சொன்னால் ஆயிரத்து இருநூற்று அறுபது என்பதும், அந்த ஆயிரத்து இருநூற்று அறுபது அடிக்கென்று ஒரு காற்றும் ஒரு வெயிலும் சோறு வேக ஒரு நேரமும் இருந்தன என்பதும், ஒரு சித்திரை மாதத்துப் புதன்கிழமை அது மொத்தமாக ஊரைவிட்டுக் கிளம்பிப் போய், அந்த இடத்தில் பதின்மூவாயிரம் அடி வந்து உட்கார்ந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

எங்கள் ஊரில் மலை கிடையாது. சோளக்காடு, தென்னந்தோப்பு, இரண்டு நூல் மில், அப்புறம் விமானப்படையின் கிடங்கு. ஊரில் பாதிப் பேருக்குக் கிடங்கில் வேலை, மீதிப் பாதிக்கு அந்தப் பாதியால் பிழைப்பு. ஹெலிகாப்டர்களிலிருந்து கழற்றிய பம்புகளும் மோட்டார்களும் முள் ஓடும் கருவிகளும் நாட்டின் நாலு மூலையிலிருந்தும் சிவப்பு அட்டை கட்டிக்கொண்டு இங்கே வரும். அவற்றை யாரும் தூக்கி எறிவதில்லை. பிரித்து, கழுவி, தேய்ந்ததை மாற்றி, சோதித்துப் பார்த்து, பச்சை அட்டை கட்டி அலமாரியில் வைத்தால், இன்னொரு மூலையில் இன்னொரு ஹெலிகாப்டருக்குப் போய்ச் சில வருஷம் பறந்துவிட்டு மறுபடியும் சிவப்பு அட்டையோடு திரும்பும். ஒவ்வொன்றின் உடம்பிலும் ஓர் எண் அடித்திருக்கும். எந்த ஊரில் எந்த வண்டியில் எத்தனை வருஷம் குடியிருந்தது என்று எழுதிய வரலாற்று அட்டையும் கூடவே வரும். சட்டம் ஒன்றே ஒன்றுதான்: பழுதைக் கையில் கொடுத்தால்தான் நல்லதைக் கையில் தருவார்கள். வெறுங்கையோடு வந்தால் எவ்வளவு பெரிய அதிகாரிக்கும் டீ மட்டும்தான்.

பச்சை அலமாரிகளுக்குப் பொறுப்பு ஸ்டோர்கீப்பர் அம்சவேணி. இருபத்தாறு வருஷ சர்வீஸில் ஒரு எண்ணைக்கூட மாற்றி எழுதாதவள்; பக்கத்து வீட்டுக்காரி இட்லி மாவு கேட்டு வந்தால்கூட, காலிப் பாத்திரத்தை முதலில் வாங்கி வைத்துக்கொண்டுதான் மாவுப் பாத்திரத்தை நீட்டுவாள் என்று ஊரில் ஒரு கேலி உண்டு. அவளுடைய வீட்டுக்காரர் நாச்சிமுத்து நூல் மில்லில் பஞ்சு அடிக்கும் பகுதியில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவர். பஞ்சுத் தூசி நெஞ்சில் படிந்து, மூன்று வார்த்தைக்கு ஒரு மூச்சு என்று ஆகி, மில்லிலிருந்து வீட்டுக்கு அனுப்பப்பட்டு ஆறு வருஷம் ஆகியிருந்தது. பேச்சில் கெட்டிக்காரர், கோபக்காரர். சொல்ல வந்ததைப் பாதியில் விட்டுவிட்டு மூச்சு வாங்கி, மூச்சு வந்த பிறகு கோபம் தணிந்து போய் உட்கார்ந்திருப்பார். அதைப் பார்க்கிறவர்களுக்குத்தான் சங்கடம்.

அந்தப் புதன்கிழமை வேனில் வந்தது ஓர் உயரமானி. ஹெலிகாப்டர் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று காட்டும் வட்டமான கருவி, உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிது. வடக்கே பனிமலையில், பெயரில்லாமல் எண் மட்டும் உள்ள ஒரு முகாமிலிருந்து, 'முள் நகரவில்லை' என்று சிவப்பு அட்டை கட்டி அனுப்பியிருந்தார்கள். பழுது கைக்கு வந்துவிட்டதால், அதே வேனில் நல்ல உயரமானி ஒன்றைப் பச்சை அட்டையோடு அம்சவேணி ஏற்றி அனுப்பினாள். வேன் வாசலைத் தாண்டிய நேரத்தில் கேண்டீனில் டீ சட்டென்று கொதித்தது, ஆனால் சூடாகவில்லை. பெட்டிக்கடையில் தொங்கிய சிப்ஸ் பொட்டலங்கள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக உப்பி, நாலைந்து பட் பட்டென்று வெடித்தன. எல்லோருக்கும் காது அடைத்தது, எல்லோரும் கொட்டாவி விட்டோம், சித்திரை வெயிலில் குளிர் வந்து முதுகில் தட்டியது.

வெறும் கண்ணுக்கு எதுவும் உயரவில்லை. சோளக்காடு இருந்த இடத்தில் இருந்தது, ரயில் வழக்கம்போல் வந்து போனது. சோதனைக் கூடத்தில் லூர்துராஜ், பிசகில்லாமல் வேலை செய்கிற மனுஷன், உயரமானியை மேசையில் வைத்துப் பார்த்தார். முள் பதின்மூவாயிரத்தில் நின்றது. சரியாகத்தான் காட்டுகிறதா என்று பார்க்க, கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த காற்றழுத்தமானியோடு ஒப்பிட்டார். அதுவும் பதின்மூவாயிரம் அடிக்கு உரிய அழுத்தத்தையே காட்டியது. ஒன்றோடு ஒன்று ஒரு நூல்கூட விலகவில்லை. லூர்துராஜ் ஸ்வெட்டர் பட்டனைப் போட்டுக்கொண்டு, 'குறை எதுவும் காணப்படவில்லை' என்று முத்திரை குத்தி, பச்சை அட்டை கட்டி, அலமாரிக்கு அனுப்பிவிட்டார். அந்த முத்திரையை எங்கள் கிடங்கைத் தவிர உலகத்தில் வேறு எங்கேயும் யாரும் குத்தியிருக்க மாட்டார்கள்.

கிடங்கின் அதிகாரி தலைமையகத்துக்கு எழுதினார். கருவி சோதனையில் தேறியிருப்பதால் ஊரின் உயரம் பற்றிய சந்தேகத்தை நில அளவைத் துறையிடம் கேட்கவும் என்று பதில் வந்தது. நில அளவைத் துறையிலிருந்து இரண்டு பேர் வந்து, மூச்சு வாங்கி, டீ குடித்து, நிலம் அதே இடத்தில்தான் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

நாங்கள் பழகிக்கொண்டோம். சோறு பாத்திரத்தில் வேகவில்லை என்றதும் எல்லோரும் குக்கர் வாங்கினோம், அரிசிக்கு ஏழு விசில், கொள்ளுக்குப் பதினொன்று என்று கணக்கு ஏற்பட்டது. கொசு ஒழிந்தது. பூசாரி மாரியம்மனுக்குச் சால்வை போர்த்தினார், கூழ் ஊற்றுவதற்குப் பதில் சுக்குக் காப்பி ஊற்றினார்கள். அந்த உயரம் எங்கள் தாலுகா முழுக்கவும் பக்கத்துத் தாலுகாவில் பாதிக்கும் பரவி, வாய்க்கால் பாலத்தோடு நின்றுவிட்டதால், பஸ் பாலத்தை நெருங்கும்போது கண்டக்டர் விசில் கொடுத்து, "அல்லாரும் ஒருக்காக் கொட்டாவி உட்டுக்கங்க" என்று சொல்வது வழக்கமானது. குழந்தைகள் அந்த இடத்தில் தானாகவே வாயைப் பிளந்தன. புறக்கடையில் கேரட் விளைந்தது. தென்னை மட்டும் காய்ப்பை நிறுத்திவிட்டது. எங்கள் பள்ளிக்கூடத்து வாலிபால் பிள்ளைகள் மாவட்டப் போட்டிக்குக் கீழே போய், மூச்சு வாங்காமல் விளையாடி, எல்லாரையும் தோற்கடித்துவிட்டு வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் வெளியூர்க் கார்கள் குளிர் பார்க்க வந்து நின்றன, கல்யாண மண்டபம் தை மாதம் வரைக்கும் நிரம்பியது. வெட்கத்தை விட்டுச் சொல்வதென்றால், நாங்கள் இதற்கு முன்னால் ஒரு சித்திரையிலாவது சந்தோஷமாக இருந்ததாக எனக்கு நினைவில்லை.

நாச்சிமுத்துவுக்கு மட்டும் ஊர் ஆகவில்லை. முதல் வாரத்தில் மூன்று வார்த்தைக்கு ஒரு மூச்சு என்பது ஒரு வார்த்தைக்கு இரண்டு மூச்சு என்று ஆனது, உதட்டில் நீலம் படிந்தது. ஆஸ்பத்திரி டாக்டரம்மா எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு, "இவருக்கு நுரையீரல்ல பாதிதாம்மா இருக்கு. ஒண்ணு ஊர் கீழ எறங்கணும், இல்லேன்னா இவர் ஊர விட்டு எறங்கணும்" என்றார். அம்சவேணி அவரைக் கரூர்ப் பக்கம் அவருடைய தங்கச்சி வீட்டில் கொண்டுபோய் விட்டாள். இரண்டு பஸ் மாறி மூன்று மணி நேரம். கல்யாணம் ஆகி இருபத்தேழு வருஷத்தில் ஒரு ராத்திரிகூடப் பிரிந்திராத ஜோடி அது. நாளெல்லாம் சண்டை போட்டுக்கொண்டாலும் சண்டை போட இன்னொருத்தர் எதிரே இருக்க வேண்டும் அல்லவா. ஞாயிறன்று அவள் போய்ப் பார்த்துவிட்டு வந்தால், செவ்வாய்க்கிழமை அவர் பஸ் ஏறி வந்து, நீல உதட்டோடு வாசலில் நிற்பார். வேலையை விட்டுவிட்டு நானே கரூருக்கு வந்துவிடுகிறேன் என்றால் அதற்கும் கோபம். எனக்காக நீ எதையும் விடக்கூடாது என்பதைச் சொல்லி முடிக்க அவருக்குக் கால்மணி நேரம் ஆனது.

இப்படியே நாலு மாதம் ஓடியது. அம்சவேணிக்குத் தெரிந்த ஒரே வழி புத்தகம். உயரமானியின் வரலாற்று அட்டையை எடுத்துப் பார்த்தாள்: பத்தொன்பது வருஷம் ஒரே ஹெலிகாப்டரில், ஒரே முகாமில், ஒரு தடவைகூடக் கீழே இறங்கியதில்லை. அதற்குப் பதிலாக அவள் அனுப்பிய உயரமானியின் பக்கத்தைப் புரட்டினாள்: பதினோரு வருஷம் அவளுடைய அலமாரியிலேயே, இரண்டாவது தட்டில், ஜன்னல் ஓரமாக இருந்திருக்கிறது. அதில் மலை ஊறியிருந்தது, இதில் நாங்கள் ஊறியிருந்தோம். பழுதைக் கொடுத்து நல்லதை வாங்கியதில் இரண்டு ஊர்களும் கைமாறிவிட்டன. அதற்கு மேல் அவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை, சொன்னபோது எங்களுக்கும்தான்.

முகாமுக்கு டெலிபோன் போட்டாள். மூன்று இடத்தில் மாற்றிக் கொடுத்து, கடைசியில் எடுத்தவர் அங்குள்ள ஸ்டோர்காரர், கார்ப்பரல் மிக்கேல், தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்காரர்.

"அக்கா, தமிழா நீங்க? சொல்லுங்க."

"தம்பி, நாங்க அனுப்புன உயரமானி என்ன காட்டுதுங்க?"

"ஆயிரத்து எரநூத்தி அறுவது, அக்கா. அசையவே இல்ல. அது மட்டுமா, இங்க பனியெல்லாம் உருகி ஓடிட்டு. கத்திரிக்கா காய்க்கி. பயலுவ சட்டையில்லாம திரியானுவ."

அம்சவேணி, அதைத் திருப்பி அனுப்ப முடியுமா என்று கேட்டாள், எதற்காக என்றும் சொன்னாள்.

"நீங்க எழுதுனா அனுப்பிருவேன், அக்கா. நானும் ஸ்டோர்காரந்தான. ஆனா ஒரு வார்த்த சொல்லிட்டு அனுப்புதேன். போன வருசம் இதே மாசத்துல மூணு பேரு நெஞ்சுல தண்ணி கோத்துக்கிட்டு விழுந்தானுவ. ஹெலிகாப்டர் கெளம்புததுக்குள்ள ரெண்டு பேரு போயிட்டானுவ. ஒருத்தனுக்குப் பத்தொம்பது வயசு, என் பக்கத்துக் கட்டிலு. இந்த நாலு மாசமா இங்க ஒருத்தனுக்கும் ஒண்ணும் இல்ல. முப்பத்தொரு பேரும் நல்லாத் தூங்குதோம்."

அடுத்த ஞாயிறு அவள் கரூருக்குப் போய், வீட்டுக்காரரிடம் ஒன்று விடாமல் சொன்னாள். திரும்ப வாங்குவதற்கான தாள் பூர்த்தி செய்யப்பட்டு அவளுடைய பையிலேயே இருந்தது, கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

"எத்தன பேருன்ன?"

"முப்பத்தொரு பேருங்க. அல்லாம் இருவது, இருவத்தஞ்சு வயசுப் பசங்க."

நாச்சிமுத்து தங்கச்சி வீட்டு நாற்காலியில் முன்னால் குனிந்து, முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டார். மூச்சுக்காகப் பாடுபடுகிறவர்கள் அப்படித்தான் உட்காருவார்கள்.

"அவனுங்க மூச்சப் புடுங்கி..." என்றார். அப்புறம் காத்திருந்து, "எனக்கு வேண்டாம் புள்ள" என்றார். இன்னும் கொஞ்சம் காத்திருந்து, "மூச்சு முட்டறது... என்னன்னு... எனக்குத் தெரியும்" என்றார்.

அவள் தாளைக் கிழித்துப் போட்டாள். இனிமேல் ஊருக்கு வரமாட்டேன், இங்கேயே இருந்துகொள்கிறேன் என்று அவர் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். செவ்வாய்க்கிழமை எங்கள் பஸ் ஸ்டாண்டில் இறங்கி எட்டடி நடந்து விழுந்தார்.

ஒன்பது நாள் ஆக்சிஜன் முகமூடியோடு ஆஸ்பத்திரியில் கிடந்தார். இன்னொரு தரம் இந்தக் காற்றுக்குள் வந்தால் திரும்பிப் போக ஆள் இருக்காது என்று டாக்டரம்மா சொன்னார். அவர் எப்படியும் வருவார் என்று அம்சவேணிக்குத் தெரியும். ஆம்புலன்ஸில் அவரைப் பாலம் தாண்டிக் கொண்டுபோய்விட்டுத் திரும்பிய அன்றைக்கே, அவள் கிடங்கின் பழைய புத்தகங்கள் இருக்கும் அறைக்குள் போனாள்.

அவள் தேடியது எளிமையான பொருள். இதே ரகத்தில் ஒரு பழுதான உயரமானி, தாழ்வான இடத்தில் இருப்பது, அந்த இடத்தில் மூச்சு விடுகிற மனுஷர் யாரும் இருக்கக்கூடாது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கையில் டிபன் பாக்ஸோடு, ஒரு பக்கம் ஒரு வாய் என்று, பதினேழு நாள் படித்தாள். பதினேழாவது நாள் ஒரு பக்கத்தில் நின்றாள். பதினான்கு வருஷத்துக்கு முன்னால் புயலில் மாட்டி, தெற்கே கடலுக்குள் ஒரு மணல் திட்டில் இறங்கிய ஹெலிகாப்டர். ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. என்ஜினை மட்டும் கழற்றி எடுத்து வந்திருக்கிறார்கள். உடம்பு அங்கேயே நிற்கிறது. அதைக் கணக்கிலிருந்து நீக்க வேண்டிய கமிட்டிக்குப் படகு கிடைக்காததால், புத்தகத்தில் இன்னும் 'பழுது, மீட்பு நிலுவையில்' என்றே இருக்கிறது. உயரமானி உள்பட.

திட்டின் பெயரைச் சொல்லி மிக்கேலிடம் கேட்டாள். கடற்கரைக்காரர் ஆயிற்றே, தெரிந்திருக்கும் என்று நினைத்தாள்.

மிக்கேல் சிரித்துவிட்டார். "எங்க கரையில நின்னாத் தெரியும், அக்கா. சின்னப் புள்ளையில வள்ளத்துல போயி அதுக்குள்ள ஏறி உக்காந்து ஓட்டுவோம். அந்த முள்ளு சைபர்லதான் நிக்கும். என்ன ஓட்டுனாலும் சைபருதான்."

"அங்க ஆளுங்க இருக்காங்களா, தம்பி?"

"நல்ல தண்ணி கெடையாது, மரம் கெடையாது. வெறும் மணலு. கடப்பறவைக வந்து உக்காரும், அதுகளுக்கு எந்த ஒசரமும் ஒசரந்தான்."

விஷயம் ஊருக்குள் கசிந்தது. பஞ்சாயத்துத் தலைவர் தலைமையில் பதினோரு பேர் அவள் வீட்டுக்குப் போனோம். ஆமாம், நானும் போனேன். மண்டபத்துக்காரர் பேசினார், கேரட் போட்டவர்கள் பேசினார்கள், வாலிபால் வாத்தியார் பேசினார். ஒரு ஆளுக்காக ஊரே வெந்து சாக வேண்டுமா என்பதை எல்லோரும் வேறு வேறு விதமாக, பக்குவமாக, உறவுமுறை சொல்லிக் கேட்டோம். அம்சவேணி எல்லாருக்கும் டீ கொடுத்து, எல்லாரும் பேசி முடிக்கிற வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நீங்க சொல்றது அத்தனையும் சரிதானுங்க. இந்தக் குளுரு ஊருக்கு நல்லதுதானுங்க," என்றாள். "நா இத ஊருக்காகப் பண்ணலீங்க."

நாங்கள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வந்தோம்.

அதிகாரியின் மேசையில் அவள் வைத்த தாள் எல்லாக் கட்டங்களும் நிரம்பியதாக இருந்தது: கடல் திட்டில் நிற்கும் ஹெலிகாப்டரின் உயரமானி பழுது, அதைக் கிடங்குக்கு அனுப்பவும், பதிலாக நல்லது ஒன்று தரவும். இந்த ரகத்தில் கிடங்கில் பச்சை அட்டையோடு மிஞ்சியிருந்தது ஒன்றே ஒன்று, பனிமலையிலிருந்து வந்தது. அதிகாரி பஞ்சாப்காரர், பத்து வருஷத் தெற்கத்தி வாசத்தில் தமிழ் பழகியவர், சால்வைக்குள்ளிருந்து அவளைப் பார்த்தார்.

"என்ஜினே இல்லாத வண்டி. இது பறக்குமா அம்மா?"

"பறக்காதுங்க சார்."

"பறக்காத வண்டிக்கு உயரமானி எதுக்கு?"

"புத்தகத்துல வண்டி இருக்குதுங்க சார். பழுதும் கைக்கு வருதுங்க. கேட்டாக் குடுக்கோணும், அதானுங்க சட்டம்." அவள் நிறுத்திவிட்டு, இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாகப் புத்தகத்தில் இல்லாத ஒன்றைச் சொன்னாள். "என் வீட்டுக்காரருக்கு மூச்சு வேணுங்க, சார்."

அதிகாரி பேனாவைத் தேடினார். குளிரில் மை உறைந்திருந்தது. இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் வைத்து உருட்டிச் சூடாக்கி, கையெழுத்துப் போட்டார்.

லூர்துராஜ் அந்த உயரமானியைப் பெட்டியில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு வேனில் போனார். வழியெங்கும் பெட்டிக்கடைகளில் சிப்ஸ் பொட்டலங்கள் உப்பி, வேன் கடந்ததும் அடங்கின. மதுரைக்குள் நுழைந்தபோது ஒரு நகரமே கொட்டாவி விட்டது என்று சொன்னார். அவர் போன மூன்று நாளும் எங்கள் ஊருக்கு உயரம் என்றே ஒன்று இல்லை. குளிரும் இல்லை வெயிலும் இல்லை. அடுப்புப் புகை மேலே போவதா வேண்டாமா என்று கூரை மட்டத்தில் நின்றது, புறாக்கள் தரையிலேயே நடந்தன, நாங்கள் எல்லோரும் காலை அழுத்தி அழுத்தி வைத்து, தாழ்ந்த குரலில் பேசினோம். கோபமாக இருந்தவர்கள்கூட அந்த மூன்று நாள் கோபப்படவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் வேன் திரும்பியது. உப்புப் பூத்த உயரமானி ஒன்று, சிவப்பு அட்டையோடு, சைபரில் முள் நிற்க, அம்சவேணியின் மேசைக்கு வந்தது. அதைத் திறந்து பார்த்த லூர்துராஜ், இந்த ரகத்துக்கு உதிரி செய்கிற கம்பெனியே மூடியாகிவிட்டது என்றார். 'உதிரிக்காகக் காத்திருக்கிறது' என்று எழுதி, பழுதுகளின் அலமாரியில், யாரும் நகர்த்தாத கடைசித் தட்டில் அவள் அதை வைத்தாள். ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை.

அன்று சாயங்காலமே வேர்க்க ஆரம்பித்தது. ஈரக்காற்று, சட்டை முதுகோடு ஒட்டும் காற்று, எங்கள் ஊரில் யாருக்கும் பழக்கமில்லாத கனமான காற்று. அப்பளம் டப்பாவுக்குள்ளேயே நமத்தது, சைக்கிள் செயின் துருப்பிடித்தது, கேரட் அழுகியது, மண்டபத்துக்காரர் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அம்சவேணி வீட்டுத் தெருவில் நடப்பதை நிறுத்தினார். எங்களுடைய பழைய ஆயிரத்து இருநூற்று அறுபது அடி வடக்கே யாருக்கோ கத்திரிக்காய் விளைவித்துக்கொண்டிருக்கிறது, அது இனித் திரும்பாது என்பதை ஊர் மெள்ள மெள்ளப் புரிந்துகொண்டது. திட்டில் முழங்கால் அளவு பனி விழுந்து கிடக்கிறதாம். மிக்கேலின் ஊர்க்காரர்கள் மீன் போட ஐஸ் காசு கொடுத்து வாங்குவதில்லை, வள்ளத்தில் போய் வாரிக்கொண்டு வருகிறார்களாம். பத்து நாள் முணுமுணுத்துவிட்டு நாங்களும் குக்கரை இறக்கிவைத்துப் பாத்திரத்தில் சோறு வடித்தோம்.

நாச்சிமுத்து திங்கட்கிழமை வந்தார். தங்கச்சி தடுத்தும் கேட்காமல், யாரிடமும் எதையும் விசாரிக்காமல், ஊர் இன்னும் பதின்மூவாயிரத்தில்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, செத்தாலும் பரவாயில்லை என்று பஸ் ஏறியிருக்கிறார். பாலத்தருகே கண்டக்டர் விசில் கொடுக்கவில்லை, அதை அவர் கவனிக்கவில்லை. தங்கச்சி டெலிபோனில் சொல்லி, அம்சவேணி அரைநாள் லீவு போட்டுப் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடி வந்து நின்றாள். நாங்கள் டீக்கடையில் இருந்தோம். அவர் படியில் கையைப் பிடித்து இறங்கினார், விழுவதற்குத் தயாராகக் கொஞ்சம் நின்றார், விழவில்லை. எதிரே அவளைப் பார்த்ததும் வாயைத் திறந்தார்.

"ஏம்புள்ள, நீ என்னதான் நெனச்சுக்கிட்டிருக்கற, பொண்டாட்டின்னு ஒருத்தி இருக்கறாளேன்னு நா அங்க ஒவ்வொரு நாளும் பஸ்ஸு சத்தத்தக் கேட்டுக்கிட்டுக் கெடக்கறேன், நீ பாட்டுக்கு மூணு ஞாயித்துக்கெழம வராம புத்தகம் படிக்கறேன்னு சொல்லியனுப்பறயே, எம் மூஞ்சிய விடப் பெருசா உனக்கு அந்தப் புத்தகம், எந்தங்கச்சி வெக்கற சோத்துல உப்புமில்ல ஒறப்புமில்ல, அதயும் திங்கறேன், இத்தன எளைச்சுப் போயி நிக்கறயே நேரத்துக்குத் தின்னயா இல்லியா, கழுத்தெலும்பு தெரியுது பாரு, ஊரெல்லாம் உன்னயத் திட்டுதாமே, திட்டறவன் எவன்னு சொல்லு, அவன் வாசல்ல போயி நா நின்னு கேக்கறேன், அப்புறம் இது என்ன இப்புடி வேர்த்து ஊத்துது..."

அவர் நிறுத்தினார். மூச்சு வாங்குவதற்காக அல்ல; தான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. நெஞ்சில் கையை வைத்துப் பார்த்தார். டீக்கடையில் ஒருவரும் டம்ளரை வாய்க்குக் கொண்டுபோகவில்லை. மண்டபத்துக்காரர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பித் துடைத்துக்கொண்டார், வேர்வைதான் என்று பிற்பாடு எங்களிடம் சொன்னார்.

அம்சவேணி முந்தானையால் கண்ணைத் துடைத்துவிட்டு, அவர் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டாள்.

"இன்னொருக்காத் திட்டுங்க, மாமா," என்றாள்.